அல்சைமர் உள்ளவருக்கு எந்த உடற்பயிற்சி? நடை முதல் கும்மி வரை ஓர் ஒப்பீடு

“தினமும் கொஞ்சம் நடக்க வைங்க” என்று சொல்லி டாக்டர் சீட்டை நீட்டினார். என் மாமியாருக்கு அல்சைமர் என்று உறுதியான நாள் அது. அப்போது அத்தைக்கு வயது 71. எங்கே நடக்க வைப்பது, எவ்வளவு நேரம், பாதி வழியில் நின்றுகொண்டு “நான் வரல” என்றால் என்ன செய்வது, மழை நாளில் எதை வைத்து ஈடுகட்டுவது என்று ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் ஓடிவிட்டது. நடை, யோகா, டிரெட்மில், பிசியோ, நாற்காலிப் பயிற்சி, கும்மி என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். சிலதை விட்டோம், சிலதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கே யாராவது இவற்றை அருகருகே வைத்து எனக்குச் சொல்லியிருந்தால் அத்தைக்கு இரண்டு மூன்று பயங்களாவது இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருக்கிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். அதில் பெரும்பங்கு அல்சைமர்தான். பெரும்பாலும் இவர்களை வீட்டில் மனைவியோ மகளோ மருமகளோ பார்த்துக்கொள்கிறார்கள். பயிற்சி ஆசிரியரும் அவர்களேதான்.

பயிற்சியிடம் எதை எதிர்பார்க்கலாம்

உடற்பயிற்சி செய்தால் ஞாபகம் திரும்பிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இதில் ஏமாறக் கூடாது. இங்கிலாந்தில் லேசான, நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ள 494 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு நான்கு மாதம் ஜிம்மில் வேகமான சைக்கிள் பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. அவர்களுடைய உடம்புத் தெம்பு கூடியது, ஆனால் மறதி கூடும் வேகம் குறையவில்லை. ஒரு வருஷம் கழித்து நினைவுத் தேர்வில் அவர்கள் இம்மியளவு பின்தங்கியே இருந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு மனசு விட்டுப்போனது. பிறகு பின்லாந்து ஆய்வைப் படித்தேன். அங்கே அல்சைமர் உள்ள 210 பேர், எல்லோரும் வாழ்க்கைத் துணையோடு வீட்டில் இருப்பவர்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். இன்னொரு பிரிவினர் பகல் மையத்துக்குப் போய்க் கூட்டாகச் செய்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருஷ முடிவில் பயிற்சி செய்த இரண்டு பிரிவிலும் கீழே விழுவது குறைந்திருந்தது. வீட்டில் செய்தவர்களுக்கு, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறன் மெதுவாகத்தான் குறைந்தது. டென்மார்க்கில் 200 பேரிடம் நடந்த 16 வார ஆய்விலும் ஞாபகத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் படபடப்பு, எரிச்சல், சோர்வு போன்ற தொந்தரவுகள் குறைந்தன.

ஆக நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அத்தை இன்னும் எத்தனை மாதம் தானே எழுந்து கழிப்பறைக்குப் போவார்? விழாமல் இருப்பாரா? சாயங்காலப் படபடப்பு குறையுமா? ஞாபகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதமே எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். கழிப்பறையை அளவுகோலாக வைத்தால் தினமும் செய்யக் காரணம் இருக்கும்.

இன்னொன்றும் சேர்த்து எடை போடுகிறேன். அந்தப் பயிற்சியை அவர் புதிதாகக் கற்க வேண்டுமா, உடம்புக்கு ஏற்கெனவே தெரியுமா? இந்த நோயில் நேற்று நடந்தது முதலில் போகிறது. கைகால் பழகிய பழக்கம் பல வருஷம் தங்குகிறது. காலையில் சாப்பிட்டதை அத்தையால் சொல்ல முடியாது. முறத்தைக் கையில் கொடுத்தால் இன்றைக்கும் ஒரு அரிசி சிதறாமல் புடைப்பார்.

தொடங்கும் முன்னால்

டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இதயமும் ரத்த அழுத்தமும் எப்படி? மூட்டும் எலும்பும் எப்படி? மருந்தால் தலைசுற்றல் வருமா? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்துகள் சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைக்கும். மயக்கமும் வரலாம். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால், படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். படுத்திருந்தபோது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால், பயிற்சி தொடங்கும் முன்னால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் கண் நன்றாக இருந்தாலும் ஆழம், நிறம், இடைவெளி கணக்கிடுவதில் மூளை தடுமாறும். எங்கள் வீட்டு வாசலில் கறுப்பு மிதியடி ஒன்று கிடந்தது. ஒருநாள் அதன் முன்னால் அத்தை நின்றுவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இங்குட்டு வாங்க மதினி, குழி கெடக்கு” என்றார். பிறகு அதைத் தாண்டக் காலைத் தூக்கினார். பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். (சில மாதமாகவே நான் அவருக்கு மருமகள் இல்லை, மதினி.) மிதியடி அன்றே போனது. பளபளக்கும் ஈரத் தரையும் கோடு போட்ட டைல்ஸும் இப்படித்தான் கண்ணை ஏமாற்றும்.

நடை

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், சரியாகவும் சொல்கிறார்கள். செலவு இல்லை, கற்க ஒன்றுமில்லை. ஆனால் “நடை” என்று ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன: தெருவில் நடப்பது, பூங்காவிலோ மைதானத்திலோ நடப்பது, வீட்டுக்குள் நடப்பது.

எங்கள் வீடு மதுரையில், வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில். அங்கிருந்து ஆவணி மூல வீதியைத் தாண்டினால் சித்திரை வீதி. கோவிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது. நடக்க முடிந்த காலத்தில் அதுவே எங்களுக்கு வரமாக இருந்தது. அத்தை ஐம்பது வருஷம் நடந்த வழி அது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மொட்டைக் கோபுரத்து முனீஸ்வரர் முன்னால் நின்று விபூதி பூசிக்கொண்டு திரும்புவோம். போக வர இருபது நிமிஷம் ஆகும். வழி அவர் கால்களுக்கே தெரியும். முனீஸ்வரர் சந்நிதி வந்ததும் நான் சொல்லாமலே கை கும்பிடும்.

தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். இடம் விசாலம், காற்று நல்லது. இரண்டு நாள் போனோம். சாயங்காலக் கூட்டம், தின்பண்டக் கடை வெளிச்சம், நாலா பக்கமும் பேச்சுச் சத்தம். அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நகரவே மறுத்தார். புது இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் இவர்களுக்குப் புது இடம்தான். பழைய, சின்ன, அமைதியான வழியே ஜெயிக்கிறது. சித்திரைத் திருவிழா நாட்களில் சித்திரை வீதியும் இவர்களுக்கு ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடையில் நான் செய்த பெரிய தப்பு, பேசிக்கொண்டே போனது. பழைய கதை கேட்டால் மூளைக்கு நல்லது என்று நினைத்தேன். பதில் யோசிக்கும்போது அத்தையின் கால் நின்றுவிடும், இல்லாவிட்டால் இடறும். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிற முதியவர்களுக்கு விழும் வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடனில் 1997-லேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். பேசுவதாக இருந்தால் நின்று பேசுங்கள்.

நடையின் இன்னொரு ஆபத்து, தனியாகக் கிளம்பிப் போய்விடுவது. நடைப் பழக்கமே அதைத் தூண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் அனுபவம் நேர்மாறு. காலையில் நடந்த நாளில் சாயங்காலம் வாசலுக்கு ஓடுவது குறைந்தது. இருந்தாலும் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைக் கழுத்துக் கயிற்றிலோ ரவிக்கை ஓரத்திலோ தைத்துவிடுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567-ஐயும் உங்கள் போனில் போட்டு வையுங்கள்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலைச் சுற்றி வார் உள்ளதாக, அடிப்பாகம் வழுக்காததாகப் பாருங்கள். சாக்ஸ் மட்டும் போட்டு மொசைக் தரையில் நடப்பது வெறுங்காலை விட மோசம்.

நோய் நடு நிலைக்கு வந்ததும் தெரு நடை ஆபத்தாகத் தொடங்கும். நின்ற இடத்திலேயே கால் ஒட்டிக்கொள்வது, திரும்பும்போது தள்ளாடுவது, அடிக்கடி தடுக்குவது எல்லாம் அதற்கு அடையாளம். அப்போது கூடத்தில் இருந்து அடுக்களை வரை, கையைப் பிடித்து நாலு நடை போதும். பிடிப்பதிலும் முறை உண்டு. நாம் முன்னால் நின்று இரு கையையும் இழுத்தால் அவர்கள் முன்புறம் சாய்வார்கள். பக்கவாட்டில் நின்று, அவர் முழங்கைக்குக் கீழே நம் கையைக் கொடுத்து, அவர் நம்மைப் பிடிக்கும்படி விட வேண்டும்.

உட்கார்ந்து எழுவது

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும்தான். கேட்டால் இது ஒரு பயிற்சியா என்று தோன்றும். தொடைப் பலம் போன அன்றுதான் கழிப்பறைக்கு ஆள் தூக்க வேண்டி வரும். அதன் பிறகு நம் முதுகு போகும், பிறகு வீட்டில் எல்லோருடைய தூக்கமும் போகும். இது அந்த நாளைத் தள்ளிப்போடும் பயிற்சி.

நாற்காலி கனமான மரமாக, கைப்பிடியோடு, முழங்கால் உயரத்துக்கு இருக்க வேண்டும். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டி நிற்கட்டும். முதல் வாரம் நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தோம். மூன்றாவது தடவை உட்காரும்போது அது பின்னால் வழுக்கிவிட்டது. அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் இரண்டு வாரம் நாற்காலியைக் கண்டாலே பின்வாங்கினார். என்ன நடந்தது என்பது மறந்துபோனது, பயம் மட்டும் மறக்கவில்லை.

“பத்து தடவை எழுந்து உட்காருங்க” என்றால் அவருக்குப் புரியாது. எண்ணும் முன்னால் ‘பத்து’ போய்விடும். நான் செய்தது இது: எதிர்ச் சுவரில், நின்றால் கண் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் மீனாட்சி படத்தை மாட்டினேன். நானும் எதிரில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். “எந்திரிச்சு ஒரு கும்பிடு” என்று சொல்லி நான் எழுந்து கும்பிடுவேன். அத்தையும் எழுந்து கும்பிடுவார். உட்காருவோம். மறுபடியும். ஒரு தடவைக்கு ஐந்தில் தொடங்கி, இரண்டு மாதத்தில் எட்டு வரை வந்தோம். காலை ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று.

எழ முடியாமல் தத்தளித்தால் பெரும்பாலும் கால்தான் காரணம். பாதம் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, முன்னால் குனியவைத்தால் இடுப்பு தானாகக் கிளம்பும். அதைச் சொல்லிப் புரியவைப்பதை விட, முன்னால் கையை நீட்டி ஒரு பூவைக் காட்டினால் வேலை சுலபம்.

அதோடு, அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குவது ஆகியவற்றையும் சேர்க்கலாம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. சோறு வடிக்கும் நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்கிற இதுவும் அதில் சேரும்.

கும்மியும் வீட்டு வேலையும்

அத்தைக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். முளைப்பாரிக்கு வருஷா வருஷம் கும்மி கொட்டியவர். இதை நாங்கள் கண்டுபிடித்தது தற்செயலாக. ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து “தன்னானே” என்று இழுத்தார். என் பெயரும் தன் மகன் பெயரும் தெரியாத அத்தை எழுந்து நின்றார். தட்டு பிசகாமல் இரண்டு அடி வைத்துக் கை கொட்டினார். மூச்சு லேசாக வாங்கியது. முகம் மலர்ந்து கிடந்தது. இருபது நிமிஷம் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் எல்லாம் இருக்கிறது. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, கையை உயர்த்துவது, தாளத்துக்கு அடி வைப்பது, மூச்சு. கற்றுக்கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கும்மிதான் என்றில்லை. கோலாட்டம் ஆடியவருக்குக் கோலாட்டம். சிலம்பம் சுற்றிய தாத்தாவுக்குச் செய்தித்தாளைச் சுருட்டிய ஒரு குச்சி. தேவாலயத்தில் கைதட்டிப் பாடியவருக்கு அந்தப் பாட்டு.

ஆபத்து ஒன்று உண்டு, அது திரும்பும் இடம். கும்மியில் வளைந்து குனிந்து திரும்புவார்கள். இவர்கள் விழுவதே பெரும்பாலும் திரும்பும்போதுதான். அதனால் நேர்நேர் நின்று, இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பின்னடியிலும் தள்ளாட்டம் வந்தபோது, அதையும் விட்டு உட்கார்ந்தே கொட்டினோம். உட்கார்ந்து கொட்டினாலும் தோளுக்கும் மூச்சுக்கும் வேலைதான்.

வீட்டு வேலையையும் சேர்த்தே சொல்கிறேன். புடைப்பது, துணி மடிப்பது, கீரை ஆய்வது, சின்னச் செம்பில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை. பகல் முழுக்கக் கட்டிலில் கிடக்காமல் இருக்க இவை உதவும். தொடைக்குப் போதுமான வேலை இதில் கிடைக்காது. அதற்கு நாற்காலி வேண்டும். கோலம் போடுவதை மட்டும் கவனியுங்கள். குந்தியோ குனிந்தோ நேரம் கழித்துச் சட்டென்று எழும்போதுதான் கிறுகிறுப்பு வரும். நாங்கள் கோலத்தைத் திண்ணைக்கு மாற்றினோம். முக்காலியில் உட்கார்ந்து, எதிரில் உயரமான பலகையில் சாக்பீஸால் புள்ளி வைக்கிறார். அடி குறைந்தாலும் இழை இன்னும் சரியாக வருகிறது.

யோகா

முப்பது வருஷமாக யோகா செய்தவர் என்றால் இதை முதலில் வையுங்கள். அவர் உடம்புக்குத் தெரிந்த மொழி அது. இல்லாதவருக்கு 72 வயதில் புதிதாகத் தொடங்குவது கடினம். வகுப்பில் ஆசிரியர் “வலது காலை முன்னால் வைத்து, இடது கையை உயர்த்தி, மூச்சை உள்ளே இழுத்து” என்று அடுக்கும்போது, முதல் சொல்லிலேயே இவர்கள் நின்றுவிடுவார்கள். பிறகு சுற்றிலும் பார்த்து வெட்கப்படுவார்கள். அத்தை வகுப்பில் அழுதது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆரம்ப நிலையில் தன் தடுமாற்றம் அவர்களுக்கே தெரியும் என்பதை நாம் மறந்துபோகிறோம்.

சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மூச்சை நெடுநேரம் அடக்கும் பிராணாயாமம் எல்லாம் வேண்டாம். எலும்பு தேய்ந்தவர்களுக்கு முன்புறம் மடங்கும் ஆசனங்களும் ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை மேலே தூக்கி இறக்குவதும், சுவரில் முதுகு சாய்த்து நேராக நிற்பதும், இயல்பான மூச்சைக் கவனிப்பதும் நல்லவை. படுக்கும் முன்னால் இதைச் செய்த நாட்களில் அத்தை கொஞ்சம் அமைதியாகப் படுத்தார். பலத்துக்கு என்று நம்பி யோகாவை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இயந்திரங்களும் நீச்சலும்

டிரெட்மில் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. என் கொழுந்தன் பாசத்தோடு வாங்கி அனுப்பினார். அத்தையை ஏற்றி, மிகக் குறைந்த வேகத்தில் வைத்தோம். பத்து வினாடி. “தரை ஓடுதுடி!” என்று கத்திக் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டார். கால் பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது. சட்டென்று நிறுத்தினோம். காலுக்குக் கீழே தரை நகர்வதைப் புரிந்துகொண்டு உடனுக்குடன் அடியைச் சரிசெய்ய வேண்டிய கருவி அது. இந்த நோய் கை வைக்கும் திறன்களில் அதுவும் ஒன்று.

ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளை ஓட்டுவது சிரமம் இல்லை. ஏறி இறங்குவதுதான் ஆபத்து. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் சுற்றும் சின்ன பெடல் கருவி அதை விட எவ்வளவோ மேல். மழை நாளுக்கும் கத்திரி வெயிலுக்கும் அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மொசைக் தரையில் முன்னால் ஓடிவிடும், கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள். சமநிலைக்கு இதனால் பயன் கிடையாது என்பதையும் மனசில் வையுங்கள்.

நீச்சல், ஆரம்ப நிலையில், ஏற்கெனவே நீந்தியவருக்கு, தண்ணீருக்குள் பக்கத்திலேயே ஒருவர் இருந்தால் மட்டும். மற்றவர்கள் யோசிக்க வேண்டாம்.

பிசியோவா, பகல் மையமா, நாமேவா?

இதில்தான் குடும்பங்களில் அதிகம் வாக்குவாதம் வருகிறது, காசு போவது இங்கேதான். முதலில் வந்த பிசியோ தம்பி நல்ல பிள்ளை. பன்னிரண்டு படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, “தினமும் இதைப் பார்த்துச் செய்ய வைங்க” என்றார். அந்தத் தாள் அத்தைக்குத் தினமும் புதுத் தாள். ஒரு மாதத்தில் எனக்கும் அத்தைக்கும் சண்டையில் முடிந்தது.

இரண்டாவதாக வந்தவர் பயிற்சியே சொல்லித் தரவில்லை. முதல் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து எப்படி எழுகிறார், கழிப்பறை வாசற்படியை எப்படித் தாண்டுகிறார், எங்கே சுவரைப் பிடிக்கிறார். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி எங்கே வர வேண்டும் என்று சாக்பீஸால் குறித்தார். மூன்றே பயிற்சி சொன்னார். அதை அத்தைக்கு அல்ல, எனக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்து மாற்றினார். தினமும் ஆள் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன். வருகிறவரிடம், “எங்க வீட்டில இவங்க நடமாடுறதைப் பாருங்க, எனக்குச் சொல்லிக் கொடுங்க” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பகல் பராமரிப்பு மையம் நல்ல மையமாக இருந்து, போய்வருவது அலைச்சல் இல்லாமல் இருந்தால், ஆரம்ப நிலையில் வெளியே பழகிய மனிதர்களுக்கு அது பெரிய ஆறுதல். பார்த்துக்கொள்பவருக்கு அரை நாள் மூச்சு விட நேரமும் கிடைக்கும். பின்லாந்து ஆய்வில் கூட்டுப் பயிற்சியும் விழுவதைக் குறைத்தது என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவும், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்தின் கிளையும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தை மாதிரி புது இடம் கண்டால் நடுங்குகிறவருக்கு, பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். அவர்களுக்கு வீடுதான்.

நேரமும் நிறுத்த வேண்டிய அடையாளங்களும்

காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, காபியும் இரண்டு பிஸ்கட்டும் ஆன பிறகு எங்களுக்குச் சரியாக வருகிறது. சாப்பிட்ட உடனே கூடாது, வெறும் வயிற்றிலும் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நேரத்தை டாக்டரிடம் கேட்டு வையுங்கள். பொழுது சாயும்போது படபடப்பு வருகிறவர்களுக்கு, அது தொடங்கும் முன்னால் நாலு மணி வாக்கில் இன்னொரு சின்னச் சுற்று வைத்தால் பலன் தெரியும். கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழுக்கு மேல் வெளியே வேண்டாம். தாகம் எடுப்பதே இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்க வராது. தொடங்கும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை நாமே கொடுக்க வேண்டும்.

நின்று நாலு வார்த்தை பேசினால் மூச்சு இரைக்காமல் பேச முடிய வேண்டும். அதுதான் வேகத்தின் எல்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கிறுகிறுப்பு, வேர்த்துக் கொட்டுவது, முகம் வெளிறுவது என்று எது வந்தாலும் உடனே உட்காரவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். வலி என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். புருவம் சுருங்குவது, கையைத் தட்டிவிடுவது, திடீர்க் கோபம் போன்றவைதான் அவர்கள் வலியைச் சொல்லும் விதம். “அடம் பிடிக்கிறாங்க” என்று நான் நினைத்த ஒரு வாரம் முழுக்க அத்தைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. புடவையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

திடீரென்று ஒரே நாளில் நடை மோசமானால் அதை நோயின் தலையில் கட்டிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை, தெரியாமல் விழுந்தது என்று வேறு காரணம் இருக்கலாம். அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

எங்கள் வீட்டு வரிசை

ஆரம்பத்தில் நடை முதலிடம், நாற்காலி இரண்டாவது, கும்மி மனசு வந்தபோது. நடு நிலையில் நாற்காலி முதலிடத்துக்கு வந்தது. நடை கூடத்துக்குள் சுருங்கியது. கும்மி தினமும் ஆனது. ஒரே தடவை அரை மணி நேரம் முடியாதபோது, பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதே நேரம், அதே சொல், அதே நாற்காலி. “வரல” என்றால் வற்புறுத்த மாட்டேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன். பாதிக்கு மேல் அந்த இரண்டாவது தடவை வந்துவிடுவார்.

இப்போது அத்தைக்கு 77. சித்திரை வீதி நடை நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் வந்த பிசியோ, இனி கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு உட்காருவதையும் ஒரு பயிற்சியாக எண்ணச் சொன்னார். படுத்தபடி தோளையும் முழங்காலையும் வலிக்காத அளவுக்கு மெதுவாக அசைத்துவிடச் சொல்லிக் காட்டினார். அதையும் செய்கிறோம். மீனாட்சி படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டியிருக்கிறேன், எழ முடியாத நாளில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியட்டும் என்று. இன்று காலை நாலு தடவை எழுந்தார். ஐந்தாவதுக்கு நான் எழுந்தபோது என் கையைப் பிடித்து இழுத்து, “உக்காருங்க மதினி, கால் வலிக்கும்” என்றார். உட்கார்ந்தேன்.